சொல்தா தாத்தாவும் இந்தோசீனப் பதக்கமும்

ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று காரைக்கால் போர்வீரர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெரியவர்கள் பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து நிற்பார்கள். இரண்டு நாட்டுக் கொடி, இரண்டு தேசிய கீதம். 1789-இல் பாரீஸில் பாஸ்டில் கோட்டை விழுந்ததற்குக் காவிரிக் கடைமடையில் என்ன விழா என்று வெளியூர்க்காரர் கேட்டால், ‘எங்க தாத்தா சொல்தா’ என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்று பொருள். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. ஊர்த் தமிழர் பிரெஞ்சுக்காரரோடு ஒரே சட்டத்தின் கீழ் வர வழி திறந்தது 1881-ஆம் ஆண்டு ஆணை. சாதி, மத வழக்கப்படியான தனி உரிமைகளைத் துறப்பதாக எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சு சிவில் சட்டம் பொருந்தும். புதிதாக ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்வார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் நிறைய. பண்ணையாரிடம் கைகட்டி நின்ற வீட்டுப் பிள்ளைக்கு உடுப்பும் மாதச் சம்பளமும் பூட்ஸும் கிடைக்கும் இடமாகப் பட்டாளம் இருந்தது. பிரான்ஸ் மீது கொண்ட பற்றினால்தான் எல்லோரும் போனார்கள் என்று நினைவு விழாக்களில் பேசுவது கொஞ்சம் மிகை. வயிறும் மரியாதையும் சேர்ந்துதான் பலரைக் கப்பலேற்றின.

இன்றைய பேரப்பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதைகளில் அடிக்கடி வரும் ஊர் வியட்நாமில் உள்ள சைகோன். 1946 முதல் 1954 வரை நடந்த இந்தோசீனப் போருக்குப் போன தமிழ்ச் சொல்தாக்களுக்கு அது முற்றிலும் அந்நிய ஊரல்ல. அவர்களுக்கு முன்பே காரைக்கால், புதுச்சேரிக்காரர்கள் அங்கே காவல்துறையிலும் வரி அலுவலகங்களிலும் கடைகளிலும் இருந்தார்கள். மாரியம்மன் கோயிலும் இருந்தது. திரும்பி வந்தவர்கள் சிலர் வியட்நாமிய மனைவியோடு வந்தார்கள். சில வீடுகளில் இறைச்சியை அரிசித்தாளில் சுருட்டிப் பொரிக்கும் நெம், பண்டிகைப் பலகாரமாகவே ஆகிவிட்டது.

அந்தப் போருக்காக 1953-இல் பிரான்ஸ் உருவாக்கிய வெண்கலப் பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மஞ்சளும் பச்சையுமான பட்டி. அதன் கீழே ஏழு தலை நாகமும் மூன்று தலை யானையும். கம்போடியாவையும் லாவோஸையும் குறிக்கும் உருவங்கள் அவை. காரைக்கால் கண்ணுக்கு ஆதிசேஷனும் ஐராவதமும்தான். பூஜை மாடத்தில் வைத்தாலும் பாட்டிமார் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

ஆனால் இந்தத் தாத்தாக்களின் கதையைச் சொல்லும்போது நாக்கு தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 1954 மே 7 அன்று பிரெஞ்சுப் படையின் தியன் பியன் பூ கோட்டை வியட்நாம் விடுதலைப் படையிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூரில் கூடிய பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று காரைக்காலில் மூவர்ணக் கொடி ஏறியது. சொந்த ஊர் பிரான்ஸிடமிருந்து விடுபட்ட ஆண்டில், இன்னொரு நாட்டின் விடுதலையை எதிர்த்துத் தாத்தா துப்பாக்கி பிடித்திருந்தார். அடுத்த தெருவில் தியாகி பென்ஷன் வாங்கியவர் வீடு. இந்தத் தெருவில் சொல்தா பென்ஷன் வாங்கியவர் வீடு. இரண்டு வீட்டுக்காரர்களும் கல்யாணம் காட்சிக்குப் போய்வந்தார்கள். தாத்தாவை மாவீரராகவும் ஆக்க வேண்டாம், துரோகியாகவும் ஆக்க வேண்டாம். வேலைக்குப் போனவர், போன இடத்தில் போர் நடந்தது.

பட்டாளத்தைவிடக் குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றியது ஒரு கையெழுத்து. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரான்ஸிலோ வேறு வெளிநாட்டிலோ குடியிருந்தவருக்கு அந்த எழுத்து வேலை இல்லை. அவர் பிரெஞ்சுக்காரராகவே தொடர்ந்தார். இப்படித்தான் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆக நேர்ந்தது. பிரெஞ்சிந்தியாவின் நான்கு பிரதேசங்களிலும் சேர்த்துச் சுமார் 5,000 பேர் மட்டுமே எழுதிக் கொடுத்தார்கள்.

பணக் கணக்கிலும் குடியுரிமை பெரிய விஷயம். முன்னாள் குடியேற்ற நாடுகளின் குடிமக்களுக்குத் தரும் ஓய்வூதியத்தை 1959-இல் பிரான்ஸ் ஒரு சட்டத்தால் உறைய வைத்தது. விலைவாசி ஏறியது, அவர்கள் பென்ஷன் ஏறவில்லை. வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பற்றிய ‘அந்திழேன்’ திரைப்படம் 2006-இல் வந்தபோது பாரீஸில் உரத்த கேள்வி எழுந்தது. 2010-இல் பிரெஞ்சு அரசியலமைப்புக் கவுன்சில் அந்தப் பாகுபாட்டை ரத்து செய்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைக் கைவிடாத காரைக்கால் சொல்தாக்களுக்கு இந்த உறைவு கிடையாது. முழுப் பென்ஷன், அவர் போனபின் மனைவிக்குப் பாதி. உயிரோடிருப்பதற்கான சான்றிதழ் மட்டும் தவறாமல் போக வேண்டும். ஓட்டு வீடுகள் மெத்தை வீடானதும், பேத்தி பாரீஸ் புறநகரில் நர்ஸ் ஆனதும் அந்தப் பணத்தாலும் பாஸ்போர்ட்டாலும்தான். 2022 பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலிலேயே வாக்குச்சாவடி போட்டார்கள்.

இந்தோசீனாவில் இருந்தவர்களுக்கு இன்று வயது தொண்ணூறைத் தொட்டோ தாண்டியோ இருக்கும், பெரும்பாலானோர் போய்விட்டார்கள். பள்ளி விடுமுறைக்கு ஜூலையில் பிரான்ஸிலிருந்து வரும் பிள்ளைகள், மாங்கனித் திருவிழாக் கூட்டம் கலையும் நேரத்தில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்கிறார்கள். உள்ளே படைக் கையேடும், போர் வீரர் அட்டையும், ஓரம் பழுத்த குரூப் போட்டோவும் இருக்கும்.

அந்தப் பெட்டியில் இல்லாதது தென்மேற்கு பிரான்ஸின் போ நகரத்தில் இருக்கக்கூடும். ராணுவத்தினரின் தனிநபர் ஆவணங்களைக் காக்கும் காப்பகம் அங்கேதான் உள்ளது. தாத்தா எந்தப் படைப்பிரிவில் சேர்ந்தார், எங்கெல்லாம் அனுப்பப்பட்டார் என்ற விவரங்களைக் கேட்டு எழுதலாம். சிக்கல் பெயரில்தான். குடும்பப் பெயர் எடுக்காமல், அப்பா பெயர், பிள்ளை பெயர் என்று மட்டுமே பழகிய வீடுகளில், பட்டாள எழுத்தர் கேட்ட குடும்பப் பெயருக்கு யார் பெயரோ போய் உட்கார்ந்திருக்கும். தாத்தாவின் சொந்தப் பெயரே இன்று பேரன்மார்களின் குடும்பப் பெயராக இருப்பதும் உண்டு. ஆகவே எழுதும்போது பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதாமல், அந்தப் பழைய கையேட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே பிறந்த தேதியோடும் ஊரோடும் சேர்த்துப் போட வேண்டும்.