மூட்டையின் முதுகுப்புறம்

தாமிரபரணிப் பாசனத்தில் விளைந்த நெல் அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் ஆலைக்குப் போய், முழு அரிசி வேறாகவும் குருணை வேறாகவும் தவிடு வேறாகவும் பிரிந்து வரும்போது, குருணையில் கொஞ்சம் வீட்டு நாய்க்கென்று ஒதுங்குவது இந்தச் சீமையின் நெடுநாள் வழக்கம். கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக் கழுத்தும் காலும் அதனோடு வெந்துவிட்டால் அன்றைய ஆகாரம் முடிந்தது. வடக்கே கரிசல் காட்டில் கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் கம்பங்கூழும் கேப்பைக்கூழும் குடித்துத்தான் முயலைத் துரத்தின. இன்று பாளையங்கோட்டைக் கடைகளில் அடுக்கியிருக்கும் பளபளப்பான நாய் உணவு மூட்டைகளிலும் பெரும்பாலும் அதே குருணையும் தவிடும், மக்காச்சோளமும் கோழிக் கழிவு மாவும் சேர்ந்து, வேறு வேஷத்தில் வந்திருக்கின்றன. அது குற்றமன்று, வேஷத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதே விசாரிக்கத்தக்கது.

விசாரணையை மூட்டையின் முதுகுப்புறத்தில் தொடங்க வேண்டும். சேர்மானங்களை எடை வரிசைப்படி எழுதுவது முறையாதலால், கோழி முதலிடத்தில் நிற்கக் கண்டு நாம் மகிழ்ந்துபோகிறோம்; ஆனால் பச்சைக் கோழி இறைச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர் என்பதும், தானியத்தை மக்காச்சோளம், குருணை, தவிடு, கோதுமை மாவு என்று நாலாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும் என்பதும் தெரிந்தவன் அவ்வளவு சுலபத்தில் மகிழமாட்டான். ஈரத்தைக் கழிக்காமல் புரதத்தை ஒப்பிடுவதும் வீண். டப்பா உணவில் புரதம் நூற்றுக்கு 8, ஈரம் 78 என்றிருந்தால், ஈரம் நீங்கிய கணக்கில் புரதம் 36 ஆகும். மூட்டை உணவில் புரதம் 22, ஈரம் 10 என்றால் அது 24-தான். அமெரிக்க வழிகாட்டு நெறி, இந்த ஈரம் நீங்கிய கணக்கில், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18, குட்டிக்கு 22.5 என்கிறது. நம் நாட்டிலும் ஐ.எஸ். 11968 என்ற தர நிர்ணயம் 2019-இல் திருத்தப்பட்டு இருக்கிறது. கடையில் அதைக் கேட்டு வாங்குவோர்தாம் அரிது.

புரத எண்ணும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. 1883-இல் டென்மார்க்கு ரசாயனி யோஹான் கெல்டால் வகுத்த முறைப்படி, பரீட்சைச் சாலை அளப்பது நைட்ரஜனை, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். இறகிலும் நைட்ரஜன் உண்டு, மெலமினிலும் உண்டு. 2007-இல் சீனத்திலிருந்து போன கோதுமைப் பசையில் மெலமின் கலந்திருந்ததால் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மாண்டன. காகிதத்தில் புரதம் அமோகமாகத்தான் இருந்தது!

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு பரீட்சையும் உண்டு. வேகவைத்து உலர்த்திய உருண்டைகளின்மேல் கடைசியில் கொழுப்பைத் தெளிக்கிறார்கள். சித்திரை மாதத்தில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையிலிருந்து சில்லறையாக அள்ளிக் கொடுக்கும் கடையில், அந்தக் கொழுப்பு சீக்கிரமே காறிப்போகிறது. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்தால், பழைய எண்ணெயின் சிக்கு வாடை மூக்கில் ஏறும். உருண்டை மொறமொறவென்று உடையாமல் நமுத்து வளையும். மக்காச்சோளத்தில் பூஞ்சை உண்டாக்கும் அப்ளாடாக்சின் என்னும் ஈரல் விஷமோ மூக்குக்கு அகப்படாது. ஆகையால், சில்லறையில் மிச்சமாகும் ரூபாயைப் பெரிதென்று நினையாமல், தேதி அச்சிட்ட சிறு பொட்டலமாக வாங்குவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

தானியமே ஆகாது என்று சொல்லி அதிக விலைக்கு விற்பதும் இப்போது ஒரு மோஸ்தர். ஆனால் மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பன்மடங்கு பெருகியிருப்பதை 2013-இல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். மனிதனோடு கூழ் குடித்த சரித்திரம் அதன் ரத்தத்திலேயே எழுதியிருக்கிறது.

எதை வாங்கினாலும், பழைய ஆகாரத்தோடு சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றி, மலம் உருண்டு கெட்டியாக வருகிறதா, ரோமம் மினுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பேதி நில்லாவிட்டால் ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போகலாம். மூட்டையில் போட்டிருக்கும் அளவு அட்டவணை எல்லா ஜாதி நாய்க்கும் பொதுவானது. கன்னி நாயின் கடைசி விலாக்கள் இரண்டு மூன்று வெளியே தெரிவது அதன் ஸ்வபாவமேயன்றிப் பட்டினியன்று, அதைக் கண்டு பதறித் தட்டில் இன்னொரு பிடி அள்ளிப் போட வேண்டியதில்லை.