பையில் உள்ள இலக்கம்

தம்பலகாமத்தில் வீடு கட்டும் நேயர்களே, சீமெந்துத் தொழிற்சாலை பக்கத்தில், சீனன்குடாவிலேயே இருக்கிறது. ஆனாலும் பையில் அச்சிட்டிருப்பதை வாசித்துவிட்டு வாங்குங்கள். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். 107 என்றால் சாதாரண போர்ட்லண்ட் சீமெந்து. 1247 என்றால் நிலக்கரிச் சாம்பல் போன்றவை சேர்ந்த கலப்புச் சீமெந்து. கலப்பு என்று முகம் சுளிக்க வேண்டாம். பலம் ஏறச் சற்றுச் சுணங்கினாலும், நாள்தோறும் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருந்தால் உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்கும். குடாக்கரைக் காணிக்கு அதுதான் தோது. 42.5 என்பது பலம்: 28 நாளில் சோதனைக் கட்டி சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்தது 42.5 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும். தயாரித்த திகதியையும் பாருங்கள். மாரியில் ஈரம் பிடித்துக் கட்டிபட்ட பையை, முத்திரை இருந்தாலும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.