எல்.கே.ஜி. சேர்க்கை: பெற்றோர் அறிய வேண்டிய சட்டம்

மூன்றரை வயதுக் குழந்தையின் முன் வண்ண அட்டையை நீட்டி, "வாட் கலர்?" என்று கேட்கிறார்கள். வீட்டில் "சிவப்பு" என்று கூவுகிற பிள்ளை அங்கே வாயே திறப்பதில்லை. திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை, சாலைக் கடைத்தெருப் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் சங்கடம்: பிள்ளைக்குத் தெரிந்தது தமிழ், கேள்வி வருவதோ ஆங்கிலத்தில், இல்லாவிட்டால் மலையாளத்தில். "சும்மா ஒரு இன்டராக்‌ஷன்" என்றாலும் அது வடிகட்டல்தான்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில் இதைத் தடுக்கிறது. பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்த்தால் முதல்முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 50,000 வரை அபராதம். நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை. ஒன்றாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு கூடாது என்று கேரளக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டியும் 2025 பிப்ரவரியில் எச்சரித்தார்.

ஆனால் இச்சட்டத்தின் கணக்கில் குழந்தை என்றால் 6 முதல் 14 வயது வரை. அதனால் நர்சரி சேர்க்கைக்கு இந்தத் தடை பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை உச்ச நீதிமன்றம் 2014இல் சட்டத்திலிருந்தே விலக்கியது. அது சரிதானா என்ற கேள்வி 2025இல் மீண்டும் எழுந்திருக்கிறது. மிகச் சிறிய பிள்ளைகளுக்குத்தான் பாதுகாப்பு மிகக் குறைவு என்பது அநியாயம்.

ஆகவே பணம் கட்டும் முன் நீங்கள் கேள்வி கேளுங்கள். ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள்? இருபதுக்கு ஒருவர் என்பது தேசிய அளவுகோல். ஆயா உண்டா? கழிப்பறைக்கு யார் கூட்டிப் போகிறார்கள்? அழும் பிள்ளையோடு முதல் வாரம் அம்மா உட்காரலாமா?

அடி விஷயத்தில் சட்டம் உறுதியாக நிற்கிறது. 2024 அக்டோபரில் கொச்சி மட்டாஞ்சேரி பிளே ஸ்கூல் ஒன்றில், கேள்விக்குப் பதில் சொல்லாத மூன்றரை வயதுப் பிள்ளையைப் பிரம்பால் அடித்த ஆசிரியை கைதானார். சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் காக்கிறது. பள்ளி யாருடையது என்று பார்ப்பதில்லை.

பழக்கம் விட்டுப்போன பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்தால், யூனிஃபார்மைக் கண்டதும் அலறினால் கவனியுங்கள். "மிஸ் அடிச்சாங்களா?" என்று துருவாதீர்கள், அது வாயில் வார்த்தையைப் போடுவது. தானாகச் சொல்வதை அதே சொற்களில், தேதியோடு எழுதி வையுங்கள். காயம் இருந்தால் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். திருவனந்தபுரத்திலேயே மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. சேர்க்கைச் சோதனை பற்றியும் அங்கே எழுதலாம்.

பாலியல் சீண்டல் என்று சந்தேகம் வந்தால் பள்ளியோடு சமரசம் பேசவே கூடாது. உடனே போலீசுக்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ சொல்லுங்கள். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் பள்ளித் தலைமைக்கு, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டத்தில் ஓராண்டு வரை சிறை. பிள்ளையின் பெயரையோ படத்தையோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அதுவும் குற்றம்.