எந்த கியரில் கத்துகிறது?

“கியர் பாக்ஸ் போச்சு” என்று ஒரு பழைய மாருதி 800-ஐக் கொண்டுவந்து நிறுத்தினால், விவரமான மெக்கானிக் உடனே ஜாக்கியைத் தேடமாட்டார். எந்த கியரில் சத்தம், கிளட்சை மிதித்தால் நிற்கிறதா, வண்டி சூடான பிறகு கூடுகிறதா என்று கேட்பார். பாதிப் பழுது அந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும். ஏனென்றால் பெட்டிக்குள் எல்லாப் பாகமும் எல்லா நேரமும் சுமை தாங்குவதில்லை. சத்தம் வரும் நேரத்தில் எது வேலையில் இருக்கிறதோ, சந்தேகம் அதன் மேல்தான் முதலில் விழும்.

நியூட்ரலில் நிற்கும்போது உறுமல், கிளட்சை மிதித்ததும் அமைதி என்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்திருக்கும்போது மட்டும் கிறீச்சிட்டால் அது ரிலீஸ் பேரிங்; கியர் பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம், இறக்கினால் போதும். ஒரே ஒரு கியரில் மட்டும் இரைச்சல் என்றால் அந்த ஜோடிப் பற்சக்கரம். அம்பாசடர் போன்ற பின்சக்கர வண்டிகளில் இன்னொரு சௌகரியம் உண்டு: டாப் கியரில் விசை கீழ்த்தண்டுக்குப் போகாமல் நேராகப் பின்னால் போய்விடும். கீழ் கியர்களில் இரைந்த வண்டி டாப்பில் அடங்கினால், கீழ்த்தண்டின் பேரிங் தேய்ந்திருக்கிறது. மாருதியில் அந்த நேர்வழி கிடையாது. நான்கு கியரிலும் விசை ஒரு தண்டிலிருந்து இன்னொரு தண்டுக்குத் தாவியே ஆகவேண்டும்.

அதிகம் பேர் சொல்லும் குறை சத்தமல்ல, “ரெண்டாவது கியர் கரகரன்னு விழுது” என்பது. உடனே பல் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் மாருதி போன்ற வண்டிகளில் முன்னோக்கிய கியர்களின் பெரிய பற்கள் எப்போதுமே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டுதான் சுற்றுகின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தண்டின்மேல் சும்மா சுழலும். லீவரைத் தள்ளும்போது ஒரு ஸ்லீவ் நகர்ந்து, அந்தச் சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கும் பொடிப் பற்களைப் பிடித்துத் தண்டோடு பூட்டுகிறது. நமக்குக் கேட்கும் கரகரப்பு அந்தப் பொடிப் பற்களுடையது.

பூட்டும் முன் இரண்டின் வேகமும் ஒன்றாகவேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஏறுபவர் நாலடி கூடவே ஓடிவிட்டுப் படியில் கால் வைக்கிறாரே, அந்த வேலையைச் செய்வது சிங்க்ரோ ரிங் என்கிற பித்தளை வளையம். 1928-இல் கேடிலாக் காரில் சிங்க்ரோமெஷ் வருவதற்கு முன் இதை ஓட்டுநரின் கால்தான் செய்தது: கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஆக்சிலரேட்டரைத் தட்டி. முதல் கியரில் சிங்க்ரோ இல்லாத பழைய அம்பாசடரை வண்டி முழுதாக நிற்கும் முன் முதல் கியருக்குக் கொண்டுவந்தவர்களுக்கு அந்த வித்தை தெரிந்திருக்கும்.

வளையத்தின் உட்புறம் கூம்பு வடிவம். அதில் முடி போன்ற வரிகள். கூம்போடு கூம்பு அமுங்கும்போது இந்த வரிகள் எண்ணெய்ப் படலத்தை அறுத்து உராய்வைத் தருகின்றன. மூன்றாவதின் விகிதம் 1.3, இரண்டாவதின் விகிதம் 2.2 என்று வைத்துக்கொள்வோம். 2,000 சுற்றில் ஓடும் தண்டை, இரண்டாவதுக்கு இறக்கும் அந்தக் கணத்தில், கிளட்ச் பிளேட்டோடு சேர்த்து ஏறக்குறைய 3,400 சுற்றுக்கு இழுத்துவிட வேண்டும். நகரத்துக்குள் நாளெல்லாம் இதே வேலை என்பதால் இரண்டாவது கியரின் வளையம்தான் பெரும்பாலும் முதலில் தேய்கிறது. வரிகளின் முனை மழுங்கினால் எண்ணெய் அறுபடாது, உராய்வு வராது, ஸ்லீவ் வேகம் ஒன்றாகும் முன்பே போய் முட்டும்.

ஆனால் இதே கரகரப்பை கிளட்சும் தரும். பிரித்துப் பார்க்க எளிய வழி: வண்டி நிற்கட்டும், இன்ஜின் ஓடட்டும், கிளட்சை முழுக்க மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். இந்த வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. அப்போதும் “கர்ர்” என்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிளைச் சரிசெய்தால் தீர்ந்தாலும் தீரும். இந்தச் சோதனையைச் செய்யாமல் பெட்டியை இறக்குபவரிடம் வண்டியை விடாமலிருப்பது நல்லது.

அடுத்த சாட்சி எண்ணெய். வடித்ததை வெயிலில் பிடித்துப் பார்த்தால் தங்கப் பொடி மினுங்கும், காந்தத்தில் ஒட்டாது. அது வளையம். காந்தத்தில் கறுப்புச் சேறு ஒட்டினால் பயமில்லை, விரலில் குத்தும் சில்லு ஒட்டினால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது.

பிரித்த பிறகு வளையத்தைக் கூம்பின் மேல் அழுத்திப் பிடித்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜை விடுவார்கள். இந்த மாதிரிச் சிறிய கார்களில் புதிதில் அது ஒரு மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வளையத்தின் ஆயுள் முடிந்தது. பொடிப் பற்களின் கூர்முனை உருண்டிருந்தால் வளையத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, அந்தப் பற்சக்கரத்தையும் மாற்றவேண்டும். கியர் தானாகக் கழன்றுகொள்கிற வண்டியில் ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க்கையும் பார்க்கவேண்டும். ஓட்டும்போது லீவரின் மேல் சும்மா கை வைத்திருக்கும் பழக்கம், சுழலும் ஸ்லீவின் பள்ளத்தில் ஃபோர்க்கை ஓயாமல் உரசவைக்கிறது.

புதிய பேரிங்கை ஏற்றுவதில்தான் பல பட்டறைகளின் யோக்கியதை தெரியும். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் விழவேண்டும். வெளிவளையத்தைச் சுத்தியலால் தட்டினால் அடி குண்டுகள் வழியே இறங்கி, ஓடுபாதையில் கண்ணுக்கே தெரியாத குழிகள் விழும். புது பேரிங் முதல் நாளே முனகும். ஸ்லீவும் அது ஏறும் நடுக்கட்டையும் சேர்ந்து தேய்ந்து பழகியவை. பிரிக்கும் முன் அடையாளமிட்டு, அதே பல்லில் அதே பக்கமாகச் சேர்க்கவேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாமென்று சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிய பெட்டியை வாங்கி மாட்டுபவர்களும் உண்டு. அதுவும் யாரோ ஒருவரின் தேய்ந்த பெட்டியாக இருக்கலாம் என்பதால், தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தே வாங்கவேண்டும்.

எண்ணெயில் சிக்கனமும் தாராளமும் இரண்டுமே ஆபத்து. “விலை கூட, ஒசத்தி” என்று ஜிஎல்-5 வகையை ஊற்றுகிறார்கள். அது அம்பாசடரின் பின் அச்சிலுள்ள ஹைப்பாய்டு பற்களைப் போன்றவற்றுக்கான எண்ணெய்; அதில் தாராளமாகச் சேர்க்கப்படும் கந்தகக் கூட்டுப்பொருள் சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடும். வளையம் வைத்த பெட்டிக்குப் புத்தகத்தில் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் அதுவே போதும். புது வளையங்கள் கூம்போடு படியும்வரை லீவர் சற்று இறுக்கமாகத்தான் இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் எண்ணெயை ஒருமுறை வடித்துவிடலாம். படியும்போது உதிர்ந்த பொடியும் அதோடு போய்விடும்.