மின்தடையும் மின்திறனும் கணித்தல்

மின்கடத்தி ஒன்றின் இரு முனைகளுக்கிடையே நிலவும் மின்னழுத்தமும், அதன் வழியே பாயும் மின்னோட்டமும் தெரிந்தால், அக்கடத்தியின் மின்தடையையும் அதில் செலவாகும் மின்திறன் அளவையும் கணக்கிடலாம். மின்தடைக்கு வகுத்தலும் மின்திறனுக்குப் பெருக்கலும் போதும்.

மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)

மின்திறன் (வாட்) = மின்னழுத்தம் (வோல்ட்) × மின்னோட்டம் (ஆம்பியர்)

எடுத்துக்காட்டாக, 12 வோல்ட் மின்கல அடுக்குடன் இணைத்த கம்பிச்சுருளில் 3 ஆம்பியர் பாய்ந்தால், அதன் மின்தடை 4 ஓம். அது வெப்பமாக வெளியிடும் திறன் 36 வாட். இரு வாய்பாடுகளையும் இணைத்தால், மின்திறன் என்பது மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கியதற்கும், மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்ததற்கும் சமம் என்பது கிடைக்கும்.

இக்கணக்கு எளிது. ஆனால் கிடைக்கும் விடை, அளந்த இடத்திற்கும் அளந்த நேரத்திற்கும் மட்டுமே உரியது.

வரலாறு

மின்னழுத்தத்திற்கும் மின்னோட்டத்திற்கும் உள்ள தொடர்பை செருமானிய இயற்பியலாளர் கியார்க் சைமன் ஓம் (1789–1854) ஆய்வுகளால் நிறுவி, 1827-இல் நூலாக வெளியிட்டார். அவர் தொடக்கத்தில் பயன்படுத்திய மின்கலங்களின் அழுத்தம் ஆய்வின் நடுவிலேயே தளர்ந்தது. எனவே செம்பும் பிசுமத்தும் இணைந்த வெப்ப இரட்டைக்கு மாறினார். அதன் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான அழுத்தத்தைப் பெற்றார். மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப வெப்பம் தோன்றுகிறது என்பதைப் பின்னர் 1840-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஜூல் காட்டினார்.

அளவிகளை இணைத்தல்

அம்மீட்டர் சுற்றுடன் தொடராகவும், வோல்ட் மீட்டர் அளக்கப்படும் பொருளுக்குப் பக்கவாட்டிலும் இணைக்கப்படும். அம்மீட்டருக்கும் சிறு மின்தடை உண்டு. 2 ஓம் தடையை அளக்கையில், 0.5 ஓம் உள்தடையுள்ள அம்மீட்டரையும் சேர்த்து வோல்ட் மீட்டர் அளக்குமாறு இணைத்தால், விடை 2.5 ஓம் என வரும். சிறிய தடைகளை அளக்கும்போது வோல்ட் மீட்டரின் முனைகளைத் தடையின் இரு முனைகளிலேயே நேரடியாக வைக்க வேண்டும். மிகப் பெரிய தடைகளுக்கு இது பொருந்தாது. அங்கே வோல்ட் மீட்டர் வழியே கசியும் மின்னோட்டம் பிழையாகிறது.

மல்டிமீட்டரை மின்னோட்டம் அளக்கும் நிலையில் வைத்து, வீட்டு மின்செருகியின் இரு துளைகளுக்கிடையே இணைப்பது பேரிடரை விளைவிக்கும். அந்நிலையில் அளவியின் உள்தடை மிகக் குறைவாதலால் அது குறுக்குச்சுற்றாகிவிடும்.

மாறும் மின்தடை

மின்தடை வெப்பநிலையோடு மாறக்கூடியது. 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் இழை விளக்கில் ஏறத்தாழ 0.26 ஆம்பியர் பாய்கிறது. எரியும்போது இழையின் தடை சுமார் 880 ஓம். அதே விளக்கைக் கழற்றி, குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டரால் அளந்தால் 60 முதல் 70 ஓம் வரையே காட்டும். இரண்டுமே சரியான அளவீடுகள்தாம். விளக்கைப் போடும் கணத்தில் சில ஆம்பியர் பாய்வதும், பழைய விளக்குகள் பெரும்பாலும் அக்கணத்திலேயே அறுந்துபோவதும் இதனால்தான்.

வெப்பமூட்டிகளில் பயன்படும் நிக்ரோம் கம்பியின் தடை இவ்வளவு மாறுவதில்லை. எனவே கணக்கு எளிதாகப் பொருந்தும். 230 வோல்ட்டுக்குரிய 1000 வாட் வெப்பமூட்டியின் தடை 52.9 ஓம். மின்னழுத்தம் 180 வோல்ட்டாகக் குறைந்தால் திறன் 612 வாட் ஆகும். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வெப்பமும் ஐந்தில் ஒரு பங்கே குறையும் எனக் கருதுவது பிழை.

தளர்ந்த இணைப்புகள்

வீட்டு மின்னமைப்பில் இக்கணக்கு மிகவும் தேவைப்படும் இடம் இதுவே. மின்செருகியில் திருகு தளர்ந்தோ துரு ஏறியோ 0.3 ஓம் தடை தோன்றியிருப்பதாகக் கொள்வோம். அதன் வழியே 10 ஆம்பியர் எடுக்கும் வெந்நீர்க் கருவி இயங்கினால், இணைப்பில் 3 வோல்ட் இழப்பாகும். 230 வோல்ட்டில் இக்குறைவை எவரும் உணர்வதில்லை. ஆனால் அச்சிறு புள்ளியில் 30 வாட் வெப்பம் உண்டாகிறது. இது 25 வாட் சால்டரிங் அயர்னின் வெப்பத்தைவிடக் கூடுதல். மின்னோட்டம் மிகாததால் உருகியிழையும் (பியூசு) அறுவதில்லை. நெகிழி கருகும் நாற்றமும், செருகி கைக்குச் சுடுவதுமே இதன் அறிகுறிகள். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே இணைப்பைச் சரிபார்த்தல் வேண்டும்.

மாறுதிசை மின்னோட்டம்

வெப்பமூட்டி, இழை விளக்கு போன்றவற்றுக்கு மாறுதிசை மின்னோட்டத்திலும் அளவிகள் காட்டும் பயனுறு மதிப்புகளைக் கொண்டு மேற்கண்டவாறே கணிக்கலாம். மின்விசிறி, நீரேற்றி போன்றவற்றில் கம்பிச்சுருள்கள் இருப்பதால் மின்னோட்டம் மின்னழுத்தத்திற்குப் பின்தங்குகிறது. இங்கு வகுத்துப் பெறுவது மின்தடையன்று, மின்மறுப்பு ஆகும். பெருக்கிப் பெறுவது தோற்றத் திறன்; அதைத் திறன் காரணியால் பெருக்கினாலே உண்மைத் திறன் கிடைக்கும். 230 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் எடுக்கும், 0.8 திறன் காரணியுள்ள மின்னோடியின் திறன் 92 வாட் அன்று, 73.6 வாட் ஆகும்.