பிள்ளையின் எடையும் பெற்றோரின் நாவும்

 

'குண்டு', 'மோட்டி', 'பூசணிக்காய்' எனப் பருமனான பிள்ளைகளுக்கு நம் இல்லங்களில் ஏதேனும் ஒரு பெயர் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. திருமண வீட்டிலோ, "இவளுக்கு எப்படி மாப்பிள்ளை தேடப் போகிறீர்கள்?" என்று பிள்ளையின் முன்னிலையிலேயே கேட்கின்றனர். பதினான்கு வயதுப் பெண் சிரித்து மழுப்புகிறாள். பின்னர் எல்லார் முன்பும் குறைவாக உண்டு, எவரும் காணாதபோது பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கிறாள்.

பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதைத் திருமறையின் 49ஆவது அத்தியாயம் 11ஆவது வசனம் தடுத்திருக்கிறது. அத்தடை நம் வீட்டுத் தலைவாசலுக்கு வெளியே மட்டும் உரியதன்று. பெற்ற பிள்ளைக்கும் அது பொருந்தும்.

பருமனுக்குப் பிள்ளையின் பேராசைதான் காரணமா? சென்னைப் பள்ளிகளில் சுமார் 19,000 மாணவர்களிடையே நடைபெற்று 2014இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் அதிக எடையுடன் இருந்தனர். அரசுப் பள்ளிகளிலோ நூற்றுக்கு நால்வர்கூட இல்லை. ஒரே நகரத்துப் பிள்ளைகளிடையே இத்தனை வேறுபாடு என்றால், அவர்கள் வாழும் விதத்தையே நாம் ஆராய வேண்டும்.

நம் குந்தாரப்பள்ளி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தே வந்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. கேழ்வரகுக் களியும் கீரையும் அவர்களின் உணவு. இன்று தந்தை ஓசூர்த் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து வருகையில், நெடுஞ்சாலை பேக்கரியில் பப்ஸும் கேக்கும் வாங்கி வருகிறார். அது அன்பின் அடையாளம்தான். ஆனால் பிள்ளையோ வேனில் பள்ளி சென்று, வேனில் திரும்பி, டியூஷனில் அமர்ந்து, எங்கள் மதரஸாவிலும் அமர்ந்து, இறுதியில் கைப்பேசியுடன் படுக்கிறது. பெண்பிள்ளை என்றால், பருவமடைந்த நாளிலிருந்து ஓட்டமும் விளையாட்டும் நின்றுபோகின்றன.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வழிமுறையைக் கவனியுங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் உள்ளது. முதன்முறை அன்னை வென்றார்கள். பின்னொரு நாள், அன்னையின் உடல் சதைப்பிடித்திருந்த வேளையில், நபியவர்கள் வென்றார்கள். அந்த வெற்றிக்கு இது ஈடு என்று மகிழ்வுடன் கூறினார்கள். அங்கே ஏளனம் இல்லை. உடன் ஓடிய அன்பு இருந்தது.

நாமும் உடன் ஓடுவோம். ஒரு பிள்ளைக்கு மட்டும் பத்தியம் வைத்து, மற்றவர்கள் பரோட்டா உண்பது நீதியன்று. வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சு என்ற நபிமொழி குடும்பம் முழுவதற்கும் உரியது. குளிர்பானப் புட்டிகளை வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். வாரத்தில் சில நாட்களேனும் களி, கொள்ளு, கீரை சமையுங்கள். ஒரே ஸஹனில் உண்ணும்போது, கைப்பேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். 5 முதல் 17 வயது வரையுள்ளோர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பஜ்ருக்குப் பின் தாயும் மகளும் சேர்ந்து நடக்கலாம். மொட்டை மாடியில் கயிறு தாண்டலாம்.

வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். உயரம் கூடும் வயதில், எடை ஏறாமல் நின்றாலே பல பிள்ளைகளுக்கு அது முன்னேற்றம். பின்கழுத்து கறுத்துத் தடித்தாலோ, மாதவிலக்கு பல மாதங்கள் தவறினாலோ, உறக்கத்தில் பலத்த குறட்டையுடன் மூச்சுத் திணறினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்களின் உடலைப் பேணும் கடமை நமக்கு உண்டு; உள்ளத்தை உடைக்கும் உரிமை நமக்கு இல்லை. அவ்வமானிதத்தை முறையாகப் பேண வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.