முடி வாடினால் விலை இல்லை

மலாய்ப் பெயரோடு வந்த ரம்புட்டான் இன்று குடகிலும் விளைகிறது. பெயருக்குக் காரணமான முடிதான் விவசாயியின் தலைவலி.

பெங்களூர் சிவாஜி நகரில் உள்ள ரஸ்ஸல் மார்க்கெட்டில் தமிழ், கன்னடம், உருது மூன்றும் புழங்கும். ஆனால் சிவந்த உடம்பெல்லாம் முடி சிலிர்த்து நிற்கும் அந்தப் பழத்துக்கு மூன்று மொழியிலும் ஒரே பெயர்தான்: ரம்புட்டான்.

சொல் மலாய் மொழிக்குச் சொந்தம். அங்கே 'ரம்புட்' என்றால் தலைமுடி. 'அன்' என்ற விகுதி சேர்ந்ததும் முடியுள்ள பழமாகிவிடுகிறது. முள்ளைக் குறிக்கும் 'டுரி' டுரியான் ஆனதும் இதே வழியில்தான். 1767-ல் தாவரவியல் பெயர் சூட்டிய லின்னேயஸுக்கு, உடையில் ஒட்டும் முட்காயின் ஞாபகம் வந்திருக்கிறது, 'லப்பேசியம்' என்றார். கேரளத்தில் 'முள்ளன் பழம்' என்பதும் உண்டு. தொட்டுப் பார்த்தால் குத்துவதே இல்லை.

தமிழில் இதை மொழிபெயர்க்க யாரும் மெனக்கெடவில்லை. மயிர்ப்பழம் என்று கூவினால் வாங்க யார் வருவார்கள்? மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன தமிழர்களுக்குப் பழமும் சொல்லும் ஒருசேரப் பழகின. அங்கே ரம்புத்தான் என்றும் எழுதுகிறார்கள். இலங்கையில் அது றம்புட்டான். கொழும்புக்கு அருகே உள்ள மல்வானை ஊரின் புகழே இந்தப் பழம்தான்.

பெயர் அந்நியமாக ஒலிப்பதால் பழமும் கப்பலில் வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. கேரளத்தின் பத்தனம்திட்டா, கோட்டயம் மாவட்டங்களில் இது வீட்டுத் தோட்ட மரம். மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு, பர்லியாறு அரசுப் பழப் பண்ணைகளிலும் வளர்கிறது. பெங்களூரின் புறநகரான ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் இதில் இறங்கியது. அதன் குடகு செட்டள்ளி நிலையம் இரண்டு ரகங்களைத் தந்திருக்கிறது. சிவப்புப் பழத்துக்கு 'அர்கா கூர்க் அருண்', மஞ்சளுக்கு 'அர்கா கூர்க் பீதாப்' என்று பெயர். விஞ்ஞானிகள் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். சந்தை பார்ப்பதோ முடியைத்தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பறித்த பழத்திலிருந்து ஈரம் முதலில் வெளியேறுவது இந்த முடிகளின் வழியாகத்தான். சாதாரண வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் அவை கறுத்துச் சுருங்குகின்றன. உள்ளே சதை வெள்ளையாக, சாறு குறையாமல் இருக்கலாம். ஆனாலும் வாங்க வந்தவர் அழுகல் என்று ஒதுக்கிவிடுகிறார். குடகிலிருந்து பெங்களூருக்குச் சுமார் 250 கிலோமீட்டர். பறித்து, தரம் பிரித்து, லாரியேற்றி, கடையில் அடுக்குவதற்குள் பாதி ஆயுள் போய்விடுகிறது.

வாழையைப் போலக் காயாக வெட்டி வழியில் பழுக்க வைக்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. மரத்தை விட்டு இறங்கிய பிறகு ரம்புட்டான் பழுக்காது. ஈரப்பதம் குறையாமல் 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்தால் இரண்டு வாரம் வரை தாங்கும். குளிர்பதன வசதி இல்லாத சிறு விவசாயி, வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

நடும்போதே கவனம் தேவை. விதையிலிருந்து முளைத்த கன்றுகளில் காய்க்காத ஆண் மரங்களும் வரும். ஐந்தாறு ஆண்டு தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பூவைப் பார்த்து அது தெரியும். அதனால்தான் நல்ல மரத்தின் மொட்டைக் கொண்டு ஒட்டுக் கட்டிய கன்றையே வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்குபவர்களும் ஒன்று செய்யலாம். முடி சற்றே கறுத்த பழத்தைக் கண்டதும் நகர்ந்துவிடாமல், ஒன்றை உரித்துக் காட்டச் சொல்லலாம். தோல் ஒழுகாமல், சதை வெள்ளையாக, புளித்த வாடை இல்லாமல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். முடி கறுத்ததைச் சொல்லி விலையையும் கொஞ்சம் குறைக்கலாம். குப்பைக்குப் போவதை விட அது விவசாயிக்கும் லாபம்தான்.